சிவப்பு அம்பு

ஹாலுக்கு வந்த மரங்கொத்தி, கையில் இருந்த பால் பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்று மாலை வார்னிஷ் அடித்துக் காயவைத்த மர வில்லைகள் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பியபடியேதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் நகத்தளவில் சிவப்பு ஸ்டிக்கர்கள். அம்பு வடிவ ஸ்டிக்கர்கள். சிலதில் ஒன்று, சிலதில் மூன்று. மேஜைக்கே அம்மை போட்டது போல இருந்தது.

"எழுந்துட்டியா? பார்த்தியா?"

நாத்தனார் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை இந்த வீட்டில் யாரும் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன.

"ஒண்ணு விடாம செக் பண்ணிட்டேன். எங்கெங்க கோளாறுன்னு குறி வச்சிருக்கேன் பாரு" என்றாள்.

கதையில் இன்றுதான் ஏறுகிறவர்களுக்காக வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்வோம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரங்கொத்தி இந்த வீட்டு மருமகள். அந்தப் பெயரை வைத்தது நாத்தனார்தான். நாள் முழுக்க உள்ளறையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வரும்? மரச்சாமான் கடையில் கழித்துப் போடும் துண்டுகளை வாங்கி வந்து, அறுத்து, தேய்த்து, சூட்டுப் பேனாவால் பொசுக்கிக் கேட்டவர்களுக்குக் கேட்ட படமும் பேரும் போட்டுத் தருவாள். வீட்டு வாசல் பலகை, சாவி மாட்டி, தொட்டிலில் தொங்கவிடும் பொம்மை, இப்படி ஏதாவது. பெரிய வருமானம் இல்லை. ஆனாலும் அவள் கையால் வந்தது.

"இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று முதலில் கேட்டதும் நாத்தனார்தான். அதற்கு அவளுக்குக் காரணமும் இருந்தது. கணவன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் அவள் படுத்துறங்கிய அறையில் ரம்பமும் மரத்தூளும் குடியேறியிருந்தன. அன்றிலிருந்து அவளுக்கு ஹால் சோபாதான் படுக்கை. ஏன் திரும்பி வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை. கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் "உப்பு எங்க?", "அங்க" என்ற அளவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் மாமனார் தீர்ப்புச் சொன்னார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மாமியார் போன பிறகு வீட்டுச் சாவிக்கொத்தும் அவர் இடுப்புக்கே வந்துவிட்டது.

"ரூம்ங்கிறது பஸ் மாதிரி. சும்மா நிக்கக் கூடாது, ஓடணும்" என்றார்.

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்த இந்த வில்லை ஆர்டர் தேறி, அங்கிருந்து தொடர்ந்து வேலையும் கிடைத்தால் அறை மருமகளுக்கு. இல்லையென்றால் தரகர் சொன்ன ஆளுக்கு வாடகைக்கு விடப்படும். அந்த ஆள் இன்று மாலை ஆறு மணிக்கு அட்வான்ஸோடு வருகிறார். காப்பகத்தில் சாமான் கொடுக்க வேண்டியதோ இன்று பிற்பகல், பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வருவதற்குள்.

சரி, வண்டியைக் கிளப்பலாம்.

"அண்ணி, இது என்ன?" என்றாள் மரங்கொத்தி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்க ஃபேக்டரி ஸ்டிக்கர்மா. பச்சை வட்டம் ஒட்டினா பாஸ். சிவப்பு அம்பு ஒட்டினா கோளாறு இருக்கு, ஆனா சரி பண்ணிடலாம்னு அர்த்தம். கறுப்புக் குறி போட்டா தேறாது, தூக்கிப் போடுன்னு அர்த்தம்."

நாத்தனாருக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. சட்டையில் ஒரு நூல் நழுவியிருந்தாலும் அவள் கண்ணிலிருந்து தப்பாது.

"நேத்து நீதானே சொன்னே? யாராவது ஒரு தடவை பார்த்துக் கொடுத்தா தேவலைன்னு?"

சொன்னாள்தான். சுவரைப் பார்த்துச் சொன்னாள். சுவருக்குப் பின்னால் சோபா இருந்ததை மறந்துவிட்டாள்.

மரங்கொத்தி ஒரு வில்லையை எடுத்தாள். ஒரு குழந்தை கேட்டிருந்த ஏணிப் படம். அம்பின் நுனியை நகத்தால் மெல்லக் கிளப்பினாள். ஸ்டிக்கர் வந்தது. கூடவே வார்னிஷும் தோலுரிந்துகொண்டு வந்தது. தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே இன்னும் இளகியிருந்த பூச்சு. ராத்திரி முழுக்க ஸ்டிக்கரோடு உறவாடிவிட்டது. இப்போது ஏணியின் மேல் அம்பு வடிவத்தில் ஒரு வெளிறிய தழும்பு.

இன்னொன்றை உரித்தாள். அதிலும் தழும்பு. அடுத்ததிலும் அதேதான்.

நாத்தனாரின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. "துணியில சுலபமா வந்துடுமே…" என்றாள்.

"இது துணி இல்லை அண்ணி."

"எனக்குத் தெரியாதுடி…"

"அந்த ரூம் வேணும்னா நேரா கேட்டிருக்கலாமே. இப்படிப் பண்ணணுமா?"

சொன்ன மறுகணமே சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. வாயை விட்டுப் போனதை எந்த ரம்பத்தாலும் அறுத்தெடுக்க முடியாது. நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டு, கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டி, செருப்பைத் தேடப் போனாள்.

இந்த நேரம் பார்த்துப் பல் தேய்த்தபடி வந்தான் மரங்கொத்தியின் கணவன். லிஃப்ட் மெக்கானிக். மேஜையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் முகம் இப்படித்தான் இருக்கும் என்று அவனே அடிக்கடி சொல்வான். போன் அடித்தது.

"ஆறாவது மாடியில ஒருத்தர் மாட்டிக்கிட்டாராம். நான் போயே ஆகணும்" என்று சட்டையைத் தேடி ஓடினான். அந்த மனிதர் மட்டும் மாட்டியிருக்காவிட்டால், இவன் வேறு யாரையாவது மாட்டவைத்துவிட்டாவது தப்பியிருப்பான்.

மரங்கொத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள்.  கை பழக்கத்தில் ஒரு வில்லையை எடுத்துப் புரட்டியது. வாளிப் படம். அம்பு வாளியைக் காட்டவில்லை, கயிறு கோர்க்கும் துளையைக் காட்டியது. விரலை விட்டுப் பார்த்தாள். துளைக்குள் ஒரு மரச் சிலாம்பு சுருக்கென்று குத்தியது.

அடுத்ததை எடுத்தாள். அம்பு காட்டிய ஓரத்தைத் தடவினாள். சொரசொரப்பு. குழந்தைக் கன்னத்தில் பட்டால் கீறும். அதற்கடுத்தது நட்சத்திரம். ஐந்து முனையிலும் ஐந்து அம்பு. ஐந்துமே கூர்.

வேண்டுமென்றே கெடுக்க நினைத்தவள் துளைக்குள்ளே எல்லாம் விரலை விட்டுப் பார்த்திருக்க மாட்டாள். மரங்கொத்தி மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தேடினாள். கறுப்புக் குறி ஒன்றுகூட இல்லை.

வாசலுக்கு ஓடினாள்.

நாத்தனார் படியிறங்கப் போகவில்லை. செருப்பு மாட்டிய காலோடு கதவருகிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வரலை சார்… ஆமா, லீவுதான்… எட்டு வருஷத்துல ஒரு நாள்கூடக் கேட்டதில்லை சார், இன்னிக்கு வேணும்." போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "என்ன பார்க்கிறே? சிவப்பு ஒட்டினவ நான். சரி பண்ண வேண்டாமா?"

"அண்ணி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"அதை அப்புறம் பேசலாம். உப்புத்தாளை எடு."

எடுத்தார்கள். தேய்த்தார்கள். இளகின வார்னிஷ் உப்புத்தாளை அடைத்துக்கொண்டு பிசுபிசுவென்று ஆனதுதான் மிச்சம். ஒரு வில்லை முடிவதற்குள் அரைக் கட்டுத் தாள் காலி. இந்தக் கணக்கில் போனால் இன்னொரு நாள் வேண்டும்.

"தேய்க்கிறது ஆகாது. சுரண்டணும். நேரான, கனமான இரும்பு விளிம்பு ஏதாவது வேணும்" என்றாள் மரங்கொத்தி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாமனாரின் அறைக் கதவைப் பார்த்தார்கள்.

மாமனாரிடம் ஒரு ஸ்டீல் ஸ்கேல் உண்டு. டிப்போவில் நேர அட்டவணைக்குக் கோடு போட்ட ஸ்கேல். ஓய்வு பெற்ற அன்று அவர் எடுத்து வந்த ஒரே சாமான். அதை யாரும் தொடக் கூடாது. முதுகு சொறிய ஒருமுறை எடுத்த மகனிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஸ்கேலை மேஜையில் வைத்தார்.

"மணி ஒன்பது அஞ்சு. நீங்க லேட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஸ்கேலின் விளிம்பைச் சாய்த்துப் பிடித்து இழுத்ததும் வார்னிஷ் சுருள் சுருளாகக் கழன்றது. பொசுக்கிய கோடுகள் ஆழமானவை, அசையவில்லை. பூச்சு முன்பக்கம் மட்டும்தான் என்பதும் நல்லதாய்ப் போயிற்று. மரங்கொத்தி சுரண்டித் தள்ள, நாத்தனார் அம்பு காட்டிய கூர்முனைகளையும் சொரசொரப்பையும் உப்புத்தாளால் மழித்தாள். தேய்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். "ம்" என்றால் சரி. "ம்ஹும்" என்றால் மறுபடியும். அவளுடைய "ம்" வாங்குவது அவ்வளவு சுலபமில்லை என்று மரங்கொத்திக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது.

"ஆமா, இந்த நத்தை மேல ஏன் கறுப்பா ஒரு பொட்டு? இதுக்கும் அம்பு ஒட்டினேன்."

"அது மரத்தோட கணு அண்ணி. அந்தக் கணுவைத் தேடிப் பிடிச்சு அதைச் சுத்தித்தான் நத்தை வரைஞ்சேன். அதான் ஓடு."

நாத்தனார் நத்தையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் போன கணு அச்சு அசலாக நத்தையின் ஓடு. "அடிப்பாவி" என்றாள். அவள் அகராதியில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அந்தக் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பை மாட்டும் கொக்கிக்கு மேல் பேர் எழுதி வைத்துப் பிரயோஜனமில்லை. அதனால்தான் ஆளுக்கொரு படம். எந்தப் படம் வேண்டுமென்று டீச்சர் ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்டிருந்தார். ஒருத்தி வாளி கேட்டாள். ஒருவன் அப்பாவின் செருப்பு வேண்டும் என்றான், அதுவும் ஒரு கால் போதுமாம். புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சேர்ந்த நாளிலிருந்து அவள் அங்கே வாயே திறக்கவில்லையாம். மரங்கொத்தி ஒருநாள் போய் மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பெண் தன் சட்டையின் கடைசிப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு பட்டன் செய்தாகிவிட்டது.

"பட்டன்ல நாலு ஓட்டை. ஒண்ணு பெருசா, கோணலா இருக்கே?" என்றாள் நாத்தனார். துணிக்காரிக்குப் பட்டனில் சமரசம் கிடையாது.

"துளைக்கும்போது கை நழுவிடுச்சு அண்ணி. புதுசா பண்ண நேரமில்லை."

"ம்ஹும்" என்றாள் நாத்தனார். ஆனாலும் கோணலின் ஓரத்தை மழமழவென்று ஆக்கித்தான் கீழே வைத்தாள்.

சுரண்டி முடித்தபோது அடுத்த தலைவலி. மறுபடி வார்னிஷ் அடித்தால் காய நேரமில்லை.

"ஒண்ணு கேக்கட்டா? ராத்திரி முழுக்க நான் இதுக்குப் பக்கத்துல படுத்திருந்தேன். நாத்தம் மண்டையைப் பொளந்துடுச்சு. குழந்தைங்க எதையும் வாயில வச்சுத்தானே பார்ப்பாங்க? இதை ஏன் அடிச்சே?"

 பளபளவென்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று மரங்கொத்தி அடித்தாள், அவ்வளவுதான். பளபளப்பைப் பார்த்தவள் பல்லுக்கடியில் போகும் என்று யோசிக்கவில்லை. முதல் தடவையாக அவளுக்கு அந்த அம்புகளின் மேல் கோபம் சுத்தமாகப் போய்விட்டது.

ரம்பம் சிக்காமல் ஓடுவதற்காகத் தடவும் தேன்மெழுகுக் கட்டி ஒன்று அலமாரியில் இருந்தது. அதைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினாள். பழைய பனியன் துணியில் தொட்டுத் தேய்த்ததும், வெளிறிக் கிடந்த மரம் விழித்துக்கொண்டது. வார்னிஷுக்கு அடியில் தெரியாத கோடெல்லாம் மேலே வந்தது. தேய்த்தெடுத்தால் போதும், காய வைக்க வேண்டியதில்லை. நாத்தனார் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நக்கியும் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

காப்பகத்தில் பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரங்கொத்திக்குப் பக்கத்தில் நாத்தனார் தன் வேலையை இன்னொருத்தி செய்வதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாதிரிக்குக் கொண்டு வந்தது பளபளன்னு இருந்துச்சே?"

போச்சு, என்று நினைத்தாள் மரங்கொத்தி.

"குழந்தைங்க வாயில வைப்பாங்கன்னு மெழுகு தேய்ச்சிருக்கோம். கூர் எதுவும் கிடையாது. வேணும்னா கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க" என்றாள் நாத்தனார்.

டீச்சர் தடவிப் பார்த்தார். முகர்ந்தார். "மாதிரியைப் பார்த்தப்பவே அந்த வாடை எனக்குப் பிடிக்கலை. சொன்னா வருத்தப்படுவீங்களோன்னு விட்டுட்டேன்" என்றார். மரங்கொத்திக்குப் போன உயிர் திரும்பியது.

வில்லைகளைக் கொக்கிகளுக்கு மேல் மாட்டியதும் கதவைத் திறந்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் அந்த அறையில் காது கேட்கவில்லை. "என் வாளி!" "ஏய், அது எங்க அப்பா செருப்பு!" "என் நத்தையைத் தொடாதே!" வாளிக்காரி வாளிக்கு முத்தம் கொடுத்தாள். செருப்புக்காரன் தன் கால் செருப்பைக் கழற்றி அளவு பார்த்தான்.

அந்தச் சின்னப் பெண் மட்டும் கதவோரமாக நின்றாள். கூட்டம் விலகியதும் மெதுவாக வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். ஒரு கையால் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். கோணல் துளைக்குள் அவள் விரல் சரியாகப் போனது. மற்ற மூன்றிலும் போயிருக்காது.

"என் பட்டன்" என்றாள்.

சொல்லிவிட்டுப் பையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். அவ்வளவுதான். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை மாதத்து மிச்சமெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். ஆட்டோக்காரர் இரண்டு முறை வழி கேட்டும் பதில் வரவில்லை.

மாமனார் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சாவிக்கொத்து. ஆறாவது மாடி மனிதரை இறக்கிவிட்டு வந்த மகனும் பக்கத்தில் இருந்தான்.

"தேறுச்சா?"

"தேறுச்சு மாமா. புதுசா சேர்ற ஒவ்வொரு குழந்தைக்கும் இனிமே நம்மகிட்டதான். செருப்பு வைக்கிற பலகைக்கும் படம் போட்டுத் தரணுமாம். பெரிய டீச்சரோட தங்கச்சி வேற ஒரு காப்பகம் நடத்துறாங்களாம், அவங்களையும் அனுப்பி வைக்கிறேன்னாங்க." மூச்சு விடாமல் சொன்னாள் மரங்கொத்தி.

மாமனார் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தார். "அப்போ பஸ் ஓடுது. வர்ற ஆளுகிட்ட இல்லைன்னு சொல்லிடுறேன்" என்றார். அவர் சிரித்ததை மகன் போட்டோ எடுத்திருக்க வேண்டும், அவ்வளவு அபூர்வம்.

நாத்தனார் கைப்பையிலிருந்து ஒரு பச்சை வட்டத்தை உரித்து உள்ளறைக் கதவில் ஒட்டினாள். கட்டைவிரலால் நன்றாக அழுத்தினாள். அழுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், சோபாவைப் பார்த்து நடந்தாள்.

மரங்கொத்தி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க? ஜன்னல் பக்கம் கட்டில் போட இடம் இருக்கு அண்ணி. என் மேஜையை இந்தப் பக்கம் தள்ளிடலாம். ராத்திரி தட்ட மாட்டேன், சத்தியமா. நீங்க ம்னு சொல்லாம ஒரு சாமானும் இந்த வீட்டை விட்டுப் போகாது. வர்றதுல உங்களுக்கும் பங்கு."

 "மரத்தூளைத் தினமும் பெருக்கணும்" என்றாள் நாத்தனார். குரல் உடைந்துவிட்டது. தம்பிக்காரன் அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கடிகாரம் ஆறு அடித்தது. கூடவே வாசல் மணியும் அடித்தது.

"பரவாயில்லையே, டயத்துக்கு வர்ற ஆளு" என்று மெச்சிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார் மாமனார். திறந்தவர் அப்படியே நின்றார்.

வாசலில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குப் பின்னால், அட்வான்ஸ் கவரை இரண்டு கையாலும் பிடித்தபடி, இந்த வீட்டு மாப்பிள்ளை.

"ரூம் வாடகைக்குன்னு தரகர் சொன்னார்" என்றார் அவர். பார்வை தரையில் இருந்தது. "பேரைச் சொன்னா வேண்டாம்னுடுவீங்கன்னு… சொல்ல வேண்டாம்னு அவர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். அவ வீட்டுக்கு வர மாட்டா. அதான், நானாவது இங்க…"

 நாத்தனார் மெதுவாக முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்தாள். அவள் விரல்கள் ஸ்டிக்கர்களுக்குள் போய்க் கறுப்பின் மேல் நின்றதை மரங்கொத்தி பார்த்தாள். 

விரல் நகர்ந்தது.

சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, மாப்பிள்ளையின் சட்டைப் பைமேல், நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். எட்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியவருக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"ரூமுக்கு ஏற்கனவே ஆள் வந்தாச்சுன்னு இவர்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்றாள் நாத்தனார், அப்பாவைப் பார்த்து. "சோபா காலியா இருக்கு."